கப்பாக் போடோவின் நஞ்சும் அது தின்ற இரையும்

என் தாத்தாவுக்கு இடது காலில் சுண்டுவிரல் கிடையாது. 1950களின் பிற்பகுதியில், மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், தீவுக்கு எதிரே நிலப்பகுதியாக இருக்கும் செபராங் பிறையின் உட்பகுதியில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில், விடிவதற்கு முன்பே நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போனவர், ஒரு நிரையிலிருந்து அடுத்த நிரைக்கு மாறும்போது சருகுக்குள் சுருண்டு கிடந்த பாம்பை வெறுங்காலால் மிதித்துவிட்டார். கடித்தது கப்பாக் போடோ. மலாயில் ‘கப்பாக்’ என்றால் கோடரி, ‘போடோ’ என்றால் மடையன். கோடரி முனை போன்ற அதன் முக்கோணத் தலையையும், ஆள் நெருங்கினாலும் விலகாத அதன் மந்தத்தையும் சேர்த்து வைத்த பெயர் அது. எழுத்துத் தமிழில் மலாயாக் குழிவிரியன் என்று சொல்லலாம். ஆனால் தோட்டத்தில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. “கடிச்ச பாம்பு ஓடவே இல்லப்பா, கடிச்ச எடத்துலயே கெடந்துச்சு” என்று பாட்டி ஒவ்வொரு முறையும் அதே வியப்போடு சொல்வார்.

சிறுவயதில் எனக்கு அந்த இல்லாத விரல்தான் கதை. வளர்ந்த பிறகு, பாட்டி போகிற போக்கில் சொன்ன வேறொரு செய்தி என்னைப் பிடித்துக்கொண்டது. கால் வீக்கம் வடிந்து, தாத்தா எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகும் அவருடைய இரத்தம் உறையவே இல்லை. முகம் மழிக்கும்போது பட்ட சிறு கீறல் காலையிலிருந்து மாலைவரை கசிந்துகொண்டே இருந்ததாம். மற்றபடி அவர் சாப்பிட்டார், உறங்கினார், வாசலில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்தார். பாட்டிக்கு அது முருகன் காட்டிய கருணை. அதே ஆண்டுகளில், அதே பினாங்கில், அதே வியப்பை ஒரு மருத்துவர் குறித்துவைத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

அலிஸ்டர் ரீட் என்ற அந்த பிரிட்டிஷ் மருத்துவர் 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் பினாங்குப் பொது மருத்துவமனையில் பணியாற்றினார். வட மாநிலங்களின் தோட்டங்களிலிருந்தும் மீனவக் கிராமங்களிலிருந்தும் பாம்புக்கடிபட்டவர்கள் அவரிடம் வந்துகொண்டே இருந்தார்கள். மலாயாக் குழிவிரியன் கடித்த பலருடைய இரத்தம் குழாயில் எடுத்து வைத்தால் நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில், உறையாமல் இருப்பதையும், அப்படி இருந்தும் அவர்களில் பெரும்பாலோர் பெரிய இரத்தப்போக்கு எதுவும் இல்லாமல் நலமாக நடமாடுவதையும் அவர் கவனித்தார். கவனித்ததோடு நிற்காமல், இரத்தம் தேவையில்லாத இடத்தில் கட்டிப்போகும் நோயாளிகளுக்கு இந்த நஞ்சையே மருந்தாகத் தரலாமே என்று சிந்தித்தார். அந்தச் சிந்தனையின் வழியே வந்ததுதான் ஆன்குரோட் என்ற மருந்து. நம் இரத்தத்தில் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் இருக்கிறது. காயம் பட்டதும் த்ராம்பின் என்ற நொதி அதை இரண்டு வகை இடங்களில் நறுக்கி, உறுதியான நாராகப் பின்னுகிறது. பாம்பின் நஞ்சில் உள்ள ஆன்குரோட் ஒரு வகை இடத்தில் மட்டும் நறுக்குகிறது. அதனால் கிடைக்கும் நார் வலுவில்லாதது. உடல் அதை உடனுக்குடன் கரைத்துவிடுகிறது. கரையக் கரைய இருப்பில் உள்ள ஃபைப்ரினோஜன் தீர்ந்துபோகிறது. தாத்தாவின் தாடையில் கீறல் காயாமல் இருந்ததற்குக் காரணம் அதுதான்.

ஒரு பாம்புக்கு இது எதற்கு? பாம்பென்றால் படையும் நடுங்கும் என்ற பழமொழியோடு வளர்ந்த நமக்கு, நஞ்சு நம்மைக் கொல்வதற்காகப் படைக்கப்பட்டது என்ற எண்ணம் மனத்தின் அடியில் தங்கிவிட்டது. உண்மையில் மனிதன் அந்தக் கணக்கிலேயே பெரும்பாலும் இல்லை. பாம்புக்குக் கையில்லை, காலில்லை; தன்னைவிட வேகமாக ஓடும், பறக்கும், திருப்பிக் கடிக்கும் உயிர்களை அது முழுதாக விழுங்கியாக வேண்டும். நஞ்சு முதன்மையாக உணவு தேடும் கருவி. இரையை அசையாமல் நிறுத்துவது, கடிபட்டு ஓடினால் வெகுதூரம் போகவிடாமல் தடுப்பது, சில பாம்புகளில் செரிமானத்துக்குத் துணைசெய்வது என்று அதன் வேலைகள் எல்லாம் இரையைச் சுற்றியே அமைந்தவை. இந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டால் மற்றவை பின்னாலேயே வரும். கருவியின் வடிவத்தை முடிவுசெய்வது இரை. இரை மாறினால் நஞ்சும் மாறும்.

நஞ்சில் உள்ள புரதங்கள் எங்கிருந்தோ புதிதாக வந்து சேர்ந்தவை அல்ல. உடலில் ஏற்கெனவே வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்த புரதங்களின் உறவுகள். ஆன்குரோட், நம் கணையத்திலும் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் உள்ள ஒரு நொதிக் குடும்பத்தைச் சேர்ந்தது. நாகங்களின் நஞ்சில் உள்ள ‘முவ்விரல் நச்சுகள்’, மூன்று விரல்களை நீட்டிய கை போன்ற மடிப்பு கொண்டவை. அந்த மடிப்பு நச்சில்லாத எத்தனையோ புரதங்களிலும் இருக்கிறது. என் அம்மா தன் சமையல் குறிப்பேட்டை எனக்காகப் படியெடுத்துத் தந்தார். மூலம் அவரிடம் பத்திரமாக இருக்கிறது. ஆகவே என் படியில் நான் எதை அடித்துத் திருத்தினாலும் வீட்டுச் சாம்பார் கெட்டுப்போவதில்லை. மரபணுவிலும் இப்படித்தான் நடக்கிறது. ஒரு மரபணு தற்செயலாக இரட்டித்துவிட்டால், மூலம் பழைய வேலையைப் பார்க்க, படி கட்டவிழ்ந்து மாறலாம். அந்தப் படி நச்சுச் சுரப்பியில் வெளிப்பட்டு, இரையைப் பிடிக்கக் கொஞ்சமேனும் உதவினால், இயற்கைத் தேர்வு அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அது மீண்டும் இரட்டிக்கும், மீண்டும் மாறும், உதவாத படிகள் பழுதுபட்டு மறையும். 2013இல் வெளியான ராஜநாகத்தின் மரபணுத் தொகுதி இந்தப் பெருக்கத்தையும் மாற்றத்தையும் தெளிவாகக் காட்டியது.

அந்த மாற்றத்தின் வேகம் வியக்கத்தக்கது. பொதுவாக ஒரு மரபணுவில் புரதமாக மாறும் பகுதிகள் காலப்போக்கில் மிகக் குறைவாகவே மாறும். இடையில் வெறுமனே கிடக்கும் பகுதிகள்தாம் தாராளமாக மாறும். 1993இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அவர்கள் நாட்டு ஹாபு விரியனின் நச்சு மரபணுக்களை ஒப்பிட்டபோது, இந்த ஒழுங்கு தலைகீழாக இருந்தது. வெறுமனே கிடக்கும் பகுதிகள் அப்படியே இருக்க, புரதமாகும் பகுதிகள்தாம் விரைந்து மாறியிருந்தன. மாற்றத்தைத் தள்ளிக்கொண்டே ஏதோ ஒன்று இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியவில்லை.

அந்த ‘ஏதோ ஒன்று’ இரைதான் என்று முதன்முதலில் பெரிய அளவில் காட்டிய ஆய்வு எந்தப் பாம்பை வைத்துச் செய்யப்பட்டது தெரியுமா? என் தாத்தாவைக் கடித்த அதே கப்பாக் போடோவை வைத்து. ஜென்னி டால்ட்ரி, வோல்ஃப்காங் வூஸ்டர், ரோஜர் தோர்ப் ஆகிய மூவரும் 1996இல் ‘நேச்சர்’ இதழில் அதை வெளியிட்டார்கள். மலாயாக் குழிவிரியன் தாய்லாந்து, வியட்நாம், மலேசியத் தீபகற்பத்தின் வடபகுதி, ஜாவா என்று விட்டுவிட்டுப் பரவியிருக்கும் பாம்பு. வெவ்வேறு ஊர்களில் அதன் நஞ்சின் சேர்மானம் வேறுபடுகிறது என்பது முன்பே தெரியும். ஏன் என்பதுதான் கேள்வி. அருகருகே வாழ்வதால் நஞ்சு ஒத்திருக்கிறதா, இரத்த உறவு நெருக்கமாக இருப்பதால் ஒத்திருக்கிறதா, ஒரே வகை இரையைத் தின்பதால் ஒத்திருக்கிறதா என்று அவர்கள் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். எலி எத்தனை பங்கு, தவளை எத்தனை பங்கு, பல்லி அரணை எத்தனை பங்கு என்ற உணவுக் கணக்கோடுதான் நஞ்சின் வேறுபாடு பொருந்தி நின்றது. அதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தாத்தாவின் உடலில் ஏறிய அந்தச் சில துளிகளின் சேர்மானத்தை முடிவு செய்தவை, அந்தத் தோட்டத்துச் சருகுக்குள் எத்தனையோ தலைமுறைகளாக ஓடித்திரிந்த எலிகளும் தவளைகளும்.

பின்னர் வந்த ஆய்வுகள் இதையே பல திசைகளில் உறுதிசெய்தன. நம் தமிழ்நாட்டு வரப்புகளில் மணலைப் போல் சுருண்டு கிடக்கும் சுருட்டை விரியனின் இனக்குழுவில், தேள் முதலிய கணுக்காலிகளை மிகுதியாகத் தின்னும் இனங்களின் நஞ்சு தேளுக்குக் கூடுதலாகக் கொடியது என்று 2009இல் காட்டினார்கள். வட அமெரிக்கக் குழிவிரியன்களில், ஒன்றுக்கொன்று தொலைதூர உறவுடைய பலவகை இரைகளைத் தின்னும் பாம்புகளுக்கே நஞ்சில் பலவகைக் கூறுகள் இருக்கின்றன என்று 2021இல் வந்த ஆய்வு சொன்னது. பல்லுயிர்மை மிகுந்த காட்டில் வாழும் பாம்பு, அந்தப் பல்லுயிர்மையின் சாயலைத் தன் சுரப்பிக்குள் சுமக்கிறது என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

பினாங்கில் இதைக் கண்ணெதிரே பார்க்க ஓர் இடம் உண்டு. பாயான் லெப்பாஸில், தொழிற்சாலைகளுக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே நிற்கும் சீனர்களின் பாம்புக் கோயில். சோர் சூ கோங் என்ற துறவியை வழிபடும் அந்தக் கோயில் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அங்கு வாழ்பவை வாக்லர் குழிவிரியன்கள். போன மாதம் ஒரு வேலைநாளின் காலையில், கூட்டம் இல்லாத நேரத்தில், முற்றத்து மரத்தின் தோளுயரக் கிளையொன்றில் இருந்த ஒரு பெண் பாம்பை ஏறத்தாழ ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கருத்த உடலில் மஞ்சள் வளையங்கள்; கழுத்தைவிட மிக அகன்ற, வெற்றிலை போன்ற தலை; கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் இடையே, குண்டூசித் தலை நுழையும் அளவுக்கு ஒரு குழி. இரையின் உடல் வெப்பத்தை இருட்டிலும் உணரும் உறுப்பு அந்தக் குழி. அதே மரத்தில் ஒரு முழம் தள்ளி, என் சுண்டுவிரலை விடவும் மெலிந்த ஒரு பச்சைப் பாம்பு. மேனியில் சிவப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள். அது வேறு இனம் என்றே பலர் நினைக்கிறார்கள். அதே இனத்தின் ஆண்தான் அது. ஊதுபத்திப் புகையில் பாம்புகள் மயங்கிக் கிடப்பதாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். வழிபடுபவர்களின் நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் காட்டிலும் அவை இப்படித்தான் ஒரே கிளையில் நாள்கணக்கில் இரைக்காகக் காத்திருக்கின்றன.

அந்த அசையாத தலைக்குள் இருக்கும் நஞ்சில் வாக்லரின் என்ற குட்டிப் புரதம் இருக்கிறது. புரதத்தைக் கட்டும் மணிகளான அமினோ அமிலங்கள் அதில் 22 அல்லது 24, அவ்வளவுதான். நஞ்சுலகில் அது மிகச் சிறியது. நரம்பு தரும் கட்டளையைத் தசை வாங்கிக்கொள்ளும் ஏற்பியில் போய் உட்கார்ந்து அதை அடைத்துவிடும். இதில் என்னை மலைக்க வைத்தது, வளர்ந்த சுண்டெலியின் ஏற்பியை இறுகப் பிடிக்கும் இந்தப் புரதம், பிறந்து சில நாளே ஆன சுண்டெலிக் குஞ்சை ஒன்றும் செய்வதில்லை என்பது. குஞ்சின் ஏற்பியில் ஓர் உறுப்புக்கூறு வேறாக இருக்கிறது; வளரும்போதுதான் அது மாற்றி வைக்கப்படுகிறது. பூட்டின் ஒரு பல் மாறினால் சாவி திரும்பாது. மனிதனுடைய ஏற்பியையும் வாக்லரின் அவ்வளவு இறுகப் பிடிப்பதில்லை. இந்தப் பாம்பு கடித்தவர்கள் வலியும் வீக்கமும் பட்டு, பெரும்பாலும் தேறிவிடுகிறார்கள். வாக்லரின் செயலைப் பார்த்துச் செய்த ஒரு செயற்கைப் பொருளை, முகச்சுருக்கத்தைக் குறைப்பதாகச் சொல்லி விற்கும் பூச்சுகளில் இன்று சேர்க்கிறார்கள்.

அலையாத்திக் காட்டுக்குப் போனால் – இங்கே பாக்காவ் காடு என்றால்தான் எல்லோருக்கும் புரியும் – கருப்பில் மஞ்சள் பட்டை போட்ட, ஆளுயரத்துக்கு மேல் நீளும் பூனைக்கண் பாம்பைக் காணலாம். அதன் நச்சுப்பல் வாயின் பின்பகுதியில் இருக்கிறது. மனிதனுக்கு அது பெரிய ஆபத்தில்லை. 2006இல் அதன் நஞ்சிலிருந்து டென்மோடாக்சின் என்ற புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். கோழிக்குஞ்சின் தசையில் அது பிடித்த பிடியை விடாமல் நிற்கிறது; சுண்டெலியின் தசையிலோ பிடி தளர்ந்து கழன்றுவிடுகிறது. பறவையையும் முட்டையையும் தேடி மரமேறும் பாம்பின் நஞ்சு, பறவைக்காகவே கூர்தீட்டப்பட்டிருக்கிறது. இதன் நெருங்கிய உறவான பழுப்பு மரப்பாம்பு, இரண்டாம் உலகப் போருக்குப் பின் சரக்குகளோடு பசிபிக் பெருங்கடலில் உள்ள குவாம் தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் நஞ்சிலும் பறவைகளையும் பல்லிகளையும் குறிவைக்கும் புரதம் உண்டு. அத்தகைய பாம்பையே அறியாமல் வாழ்ந்த அந்தத் தீவின் காட்டுப் பறவையினங்களில் பெரும்பாலானவை சில பத்தாண்டுகளில் காட்டிலிருந்து காணாமல் போயின. பறவை போனதும் விதை பரவுவது குறைந்தது, சிலந்தி பெருகியது. குவாமை அழித்தது நஞ்சு மட்டுமல்ல. அந்தப் பாம்பு இறுக்கியும் கொல்லும், எண்ணிக்கையிலும் பெருகியது. ஆனால் நம் பாக்காவ் காட்டில் அதே குடும்பத்துப் பாம்பும் பறவைகளும் நெடுங்காலமாகச் சேர்ந்தே வாழ்கின்றன. அங்கே இரையும் நஞ்சும் ஒன்றையொன்று பார்த்துப் பார்த்து வளர்ந்தவை. தொடர்பற்ற இடத்தில் அந்த நஞ்சைக் கொண்டுபோய் விட்டபோதுதான் அது பேரழிவானது.

கடலுக்கு வருவோம். பட்டர்வொர்த் கரையிலும் தீவின் தென்கரையிலும் வலை இழுப்பவர்களுக்கு மூக்குக் கடற்பாம்பு நன்றாகத் தெரியும். வலையில் மீனோடு சேர்ந்து வரும். ரீட் மருத்துவரின் மற்றொரு பெரிய பங்களிப்பு இந்தப் பாம்பைப் பற்றியது. கடற்பாம்பு கடித்த மீனவர்களுக்கு உடலெங்கும் தசை வலித்து, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போவதைக் கண்டு, இந்த நஞ்சு மனிதனின் தசையைச் சிதைக்கிறது என்று அவர் நிறுவினார். மெல்பர்னில் தயாராகும் கடற்பாம்பு நச்சுமுறி மருந்து இந்த இனத்தின் நஞ்சைக் கொண்டே செய்யப்படுகிறது. ஆனால் இத்தனை கொடிய நஞ்சு அமைப்பில் மிக எளியது. முவ்விரல் நச்சுகளும் ஃபாஸ்ஃபோலைப்பேஸ் என்ற, கொழுப்பைச் சிதைக்கும் நொதிகளும் சேர்ந்தே ஏறத்தாழ முழுவதையும் நிரப்பிவிடுகின்றன. உணவு மீன் என்ற ஒரே வகையாகச் சுருங்கியதால், பல சாவிகள் தேவைப்படவில்லை.

இதைவிடச் சொல்லத்தக்க ஒரு கடற்பாம்பு தென்கிழக்காசியக் கடல்களில் இருக்கிறது. ஐப்பிசூரஸ் எய்டோக்ஸி என்பது அதன் அறிவியல் பெயர். அது மீனைத் துரத்துவதில்லை. மணலிலும் பவளத்திலும் ஒட்டியிருக்கும் மீன் முட்டைகளைச் சுரண்டித் தின்கிறது. முட்டைக்கு எதற்கு நஞ்சு? அதன் முவ்விரல் நச்சு மரபணுவில் இரண்டே எழுத்துகள் விடுபட்டுப்போக, புரதம் பாதியிலேயே முறிந்துவிட்டது. பல்லும் சுரப்பியும் சிறுத்துவிட்டன. அந்தப் பிழையைத் திருத்த இயற்கைத் தேர்வு முனையவே இல்லை. திருத்துவதால் யாருக்கும் ஆதாயம் இல்லை. நஞ்சு இரையோடு கட்டுண்டது என்பதற்கு, நஞ்சு நீங்கிய இந்தப் பாம்பே எனக்கு மிக நெருக்கமான சான்று.

இரைதான் நஞ்சை வடிவமைக்கிறது என்று இவ்வளவு சொன்ன பிறகு, அதற்கு ஒரு விலக்கையும் சொல்லியாக வேண்டும். சென்ற ஆண்டு எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், பக்கத்து வீட்டு அக்காவின் லோங்காங்கில் (சாக்கடைக் கால்வாயில்) ஒரு கருநிறத் துப்பும் நாகம் புகுந்துவிட்டது. பிடிக்க வந்த இளைஞர் முகமூடிக் கண்ணாடி அணிந்திருந்தார். படம் விரித்த பாம்பு தலையை மெல்ல ஆட்டியபடி ஒரு நொடியில் துப்பியது. வேலை முடிந்து அவர் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் காட்டினார். இரண்டு கண்களுக்கும் நேராக, கஞ்சி தெறித்து உலர்ந்தது போல, குறுக்குநெடுக்காக மெல்லிய கோடுகள். துப்புதல் உணவுக்கானது அல்ல, தற்காப்புக்கானது. ஆப்பிரிக்க நாகங்களிலும், ஆசிய நாகங்களிலும், அவற்றின் உறவான ரிங்கால்ஸ் பாம்பிலும் இது தனித்தனியாக மூன்று முறை தோன்றியது என்றும், மூன்றிலும் ஒரே வகை நொதி கூடுதலாகச் சேர்ந்து, திசுவைச் சிதைக்கும் நச்சுக்கு வலியைக் கூட்டித் தருகிறது என்றும் 2021இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். நிமிர்ந்து நின்று கல்லெறியத் தெரிந்த நம் மூதாதையர்தான் அந்தத் தேவையை உண்டாக்கியிருக்கலாம் என்பது அவர்களுடைய கருத்து. அது உண்மையானால், மனிதன் அந்தக் கணக்கில் வரும் இடம் இது ஒன்றாக இருக்கும்.

நஞ்சை எதிர்கொள்ளும் உயிர்களும் சும்மா இருப்பதில்லை என்பதே இந்த வரலாற்றின் மறுபாதி. கீரி பாம்போடு சண்டையிட்டுவிட்டுக் கீரிப்பூண்டைத் தேடித் தின்று நஞ்சை முறித்துக்கொள்ளும் என்று பாட்டி சொல்வார். கீரியின் மருந்து செடியில் இல்லை, அதன் ஏற்பியிலேயே இருக்கிறது என்று 1992இல் கண்டார்கள். நாக நச்சு வந்து உட்கார வேண்டிய இடத்தில், ஓர் அமினோ அமிலம் மாறி, அதன்மேல் ஒரு சர்க்கரைக் கிளை முளைத்து வழியை மறிக்கிறது. பன்றிக்கும், முள்ளெலிக்கும், தேன்வளைக்கரடிக்கும் அதே இடத்தில் வேறு மாற்றம்: நேர்மின்னூட்டம் உடைய ஓர் அமினோ அமிலம் நின்று, அதே மின்னூட்டம் உடைய நச்சைத் தள்ளிவிடுகிறது. ஒன்றுக்கொன்று உறவில்லாத இந்த விலங்குகள் தனித்தனியே அதே விடைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. செம்பனைத் தோட்டங்களில் அடிக்கடி காணும் காட்டுப்பன்றியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

நஞ்சின் நிழலில் வாழும் உயிர்களும் உண்டு. நம் காடுகளில் நீலப் பவளப்பாம்பு இருக்கிறது. கருநீல உடல், இரு பக்கமும் வெளிர்நீலக் கோடு, தலையும் வாலும் செக்கச் சிவப்பு. அதன் நச்சுச் சுரப்பி தலைக்குள் அடங்காமல் உடலின் கால்பங்கு நீளத்துக்குப் பின்னோக்கி ஓடுகிறது. அது தின்பது பிற பாம்புகளை. கடித்தால் திருப்பிக் கடிக்கக்கூடிய இரையை. 2016இல் அதன் நஞ்சில் கண்ட ஒரு முவ்விரல் நச்சு, நரம்பின் சோடியம் வாயில்களை மூடவிடாமல் திறந்தே வைத்து, இரையின் உடலை நொடியில் விறைக்கச் செய்கிறது. தேள் நஞ்சில் காணும் அந்த உத்தி பாம்பில் அதுவரை யாரும் பார்க்காதது. அந்தச் சிவப்புத் தலையை நச்சே இல்லாத ஒரு சிறு நாணல்பாம்பும் அணிந்துகொண்டு திரிகிறது. புழுவையும் பூச்சியையும் தேடும் அந்த எளிய உயிர், பெரியவர் பெயரைச் சொல்லிப் பிழைக்கிறது. பவளப்பாம்பு இல்லாத காட்டில் அந்தச் சிவப்புக்கு ஒரு பொருளும் இருக்காது.

இவை யாவும் மருத்துவமனை வாசலில் வந்து நிற்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. ஆண்டுக்கு 81,000 முதல் 1,38,000 பேர் வரை இறப்பதாக அது கணக்கிடுகிறது. நச்சுமுறி மருந்து எந்த நஞ்சைச் செலுத்தித் தயாரிக்கப்பட்டதோ, அந்த நஞ்சுக்கே முழுமையாக வேலை செய்யும். சென்னைக்கு அருகே 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சில் உருவான இந்திய மருந்து, நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கானது. நம் குழிவிரியனுக்கு அது உதவாது. மலேசியா பெருமளவு பேங்காக்கிலிருந்து மருந்தை வாங்குகிறது. அந்த மருந்து நம் துப்பும் நாகத்தின் நஞ்சை முறிக்கிறது, ஆனால் தாய்லாந்து நாகத்தின் நஞ்சை முறிக்கும் அளவுத் திறனோடு இல்லை என்று மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். 2024இல் ராஜநாகத்தையே நான்கு இனங்களாகப் பிரித்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழ்வதும் நம் தீபகற்பத்தில் வாழ்வதும் இனி ஒரே பாம்பல்ல. பெயர் மாற்றம் என்று இதைக் கடந்துபோக என்னால் முடியவில்லை. எந்தக் காட்டில் எந்த இரையைத் தின்று எந்த நஞ்சு உருவானது என்று தெரியாமல், கடிபட்டவருக்குச் சரியான குப்பியை எடுத்துத் தர இயலாது.

தாத்தா வேலை செய்த தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி. அதை ஒட்டி மாமாவுக்கு மூன்று ஏக்கர் ரப்பர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. சென்ற மழைக்காலத்துக்கு முன் அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, “வந்து பாரு, ஒங்க தாத்தாவைக் கடிச்சவன் சொந்தக்காரி” என்றார். வேர்ச் சந்தில், சருகின் நிறத்திலேயே, முதுகில் இரு வரிசையாகக் கரும் முக்கோணங்கள் ஓட, ஒரு கப்பாக் போடோ சுருண்டிருந்தது. வயிற்றுக்கடியில் வெள்ளையாக முட்டைகள். குழிவிரியன்களில் பெரும்பாலானவை குட்டி போடும்; இது முட்டையிட்டு, பொரியும்வரை விலகாமல் அடைகாக்கும். மாமா நான்கு பக்கமும் கம்பு நட்டு, ஒவ்வொன்றிலும் சிவப்புத் துணியைக் கட்டி, புல் வெட்டுபவரிடம் அந்த இரண்டு நிரைகளையும் விட்டுவிடச் சொல்லிவிட்டார். ஏறத்தாழ ஆறு வாரம் கழித்து மீண்டும் போனேன். பாம்பு இல்லை. தோல் போல் சுருங்கிய முட்டை ஓடுகள் பதினான்கை எண்ணினேன். ஒவ்வொன்றிலும் பிளேடால் கீறியது போல ஒரு நேர்க்கோடு. சருகை விலக்கியபோது இரண்டு சிறு தவளைகள் துள்ளி ஓடின.